காற்றுக்கு விழாதது

வெள்ளிக்கிழமை, விடியற்காலை ஐந்தேகால்.
சஜா லாரிப் பேட்டையில் ட்ரெய்லர்கள் இன்னும் எழவில்லை.
தார்த்தரையில் ஸ்டம்ப் நட முடியாது;
அதை இசக்கிமுத்து போன வருசமே தீர்த்துவிட்டான்.
கழித்துப்போட்ட பிரேக் டிரம், உள்ளே சிமெண்ட்,
மூன்று ஒயரிங் பைப், அடியில் ஷட்டர் ஸ்பிரிங்.
பந்து பட்டால் சாயும், நிமிரும்,
நாங்கள் ஓடிப்போய் நிறுத்த வேண்டியதில்லை.

மிச்சமிருந்தது பெயில்.
சுண்டுவிரல் நீளச் சாமான்.
ஷமால் வீசும் மாதங்களில்
பௌலர் பாதி தூரம் வருவதற்குள்
இறங்கிப் போய்விடும்,
கணக்குத் தீர்க்காமல் ரூமைக் காலி செய்தவன் மாதிரி.

முதலில் பேலட் கட்டையில் செதுக்கினான். பறந்தது.
அப்புறம் போல்ட்டை அறுத்து வைத்தான்.
பறக்கவில்லை.
பந்து பட்டதும் நேராக என் புருவத்துக்கு வந்தது.
நான் கீப்பர்.
மூன்று தையல்.
எப்படி ஆச்சு என்று கேட்ட நர்ஸிடம்
‘டிசைன்’ என்றேன்.

‘காத்துக்கு விழப்பிடாது வே,
பந்துக்கு விழணும்.
ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கும்லா’
என்றான், என் கட்டைப் பார்த்தபடியே.
மன்னிப்பு கேட்ட மாதிரியும் இருந்தது,
அளவெடுத்த மாதிரியும் இருந்தது.

அவன் வேலை குளிர்பெட்டி லாரி கட்டும் ஷெட்டில்.
மீனும் ஐஸ்கிரீமும் போகும் வண்டிகள்.
அந்தக் கதவு ரப்பருக்குள் ஒளிந்திருக்கிறது
ஒரு கறுப்புக் காந்தப் பட்டை.
தெறித்த துண்டை ஸ்டம்ப் தலையில் ஒட்டினான்,
பெயிலின் வயிற்றில் ஒரு ஆணி.
ராத்திரி கட்டிலுக்கு நடுவே டிரம்மை வைத்து
மேசை விசிறியைத் திருப்பினான்.
கீழ்க்கட்டில் தில் பகதூர்
போர்வையை இழுத்துக்கொண்டு நேபாளியில் திட்டினான்.
அட்டைப்பெட்டிக் கிழிசலில் இசக்கி எழுதினான்:
விசிறி மூன்று. நின்றது.
கம்ப்ரசர் குழாய். நின்றது.
விரல் தட்டு. விழுந்தது.

சிமெண்ட் யார்டோடு மேட்ச்.
கடைசி ஓவர், ஐந்து ரன், மட்டையில் அவனே.
பந்து குல் ஜமான் கையில்.
மர்தான்காரன், இடதுகை,
ட்ரெய்லர் ஓட்டுகிற தோள்.
உள்ளே வந்தது.
டிக்.
ஒரு பக்கம் பெயில் எழுந்தது,
நகக்கண் அளவு.
பார்த்தது.
திரும்ப உட்கார்ந்துகொண்டது.

கஃபட்டேரியா பிஜுதான் அம்பயர்.
‘பெயில் வீணில்லல்லோ’ என்று கையை விரித்தான்.
சட்டம் அப்படித்தான்.
குல் ஜமான் நடந்து வந்து
பெயிலைத் தூக்கிப் பார்த்தான்.
இழுத்தான், விட்டான், இழுத்தான்.
‘நல்லா செஞ்சிருக்கே உஸ்தாத்’ என்றான் இந்தியில்.
கோபமா என்று தெரியவில்லை.
இசக்கி கிரீஸை விட்டு நகரவில்லை.
நானும் ஒன்றும் சொல்லவில்லை;
என்னைவிடக் கிட்டத்தில் நின்றவர் யாருமில்லை.

அடுத்த பந்து வேலிக்கு அப்பால்.
ஜெயித்த பரிசு, ஒரு பெட்டி லபன்.
எல்லோரும் குடித்தோம். அவனும்தான்.

அன்று ராத்திரி பிளேடு சத்தம்.
பட்டையைச் சீவிக்கொண்டிருந்தான்.
உதிர்ந்த பொடி கீழே விழாமல்
காந்தத்திலேயே தாடியாக ஒட்டியது.
ஊதினான். போகவில்லை.
சட்டை நுனியால் துடைத்து, வெர்னியரில் பிடித்து,
மறுபடி சீவினான்.
காலையில் அட்டையில் ஒரு வரி கூடியிருந்தது:
பந்து பட்டது. விழவில்லை. மட்டை: நான்.

அடுத்த வெள்ளி ஷமால்.
குல் ஜமான் லோடோடு சலாலா போயிருந்தான்.
மணல் தார்மேல் பாம்பாக ஊர்ந்தது,
தொப்பிகள் பறந்தன,
பிஜுவின் டீக்கப் வரிசை உருண்டது.
பெயில் இரண்டும் நின்றன.
இசக்கி மட்டையைக் கீழே போட்டுக் குந்தினான்.
ஸ்டம்பை நகத்தால் சுண்டினான்.
விழுந்தது.
எடுத்து வைத்தான்.
இன்னும் மெதுவாகச் சுண்டினான்.
வெயில் வந்துரும், ஆடலாம்டா என்று
ஆளுக்கு ஆள் கத்தினோம்.
அவன் காதில் விழவில்லை.