இரண்டாம் பக்கம்

வேதியியல் வாத்தியார் நான்.
ஆங்கிலத்துக்கு ஆள் எடுக்கும் மேசையில்
என்னையும் உட்காரவைத்தார்கள்.
இருந்த ஒரே ஆங்கில ஆசிரியை
ஜனவரியில் சாவியைக் கொடுத்துவிட்டு ஃபீனிக்ஸ் போய்விட்டார்.
இந்தப் பனி எனக்குப் போதும் என்று
ஒரு வரிக் கடிதம்.
அதிலும் முற்றுப்புள்ளி அதன் இடத்தில் இருந்தது.

கிழக்கு மொன்டானா. நூற்றுப் பதினொரு பிள்ளைகள்.
முதல்வர் வெர்லா ஹாகன்,
டிராக்டர் விற்கும் வாரிய உறுப்பினர் கர்ட் ஸ்டோக்கி,
பிறகு நான்.
நூலகத்தில் ஹீட்டர் மட்டும் விடாமல் பேசியது.

மதிப்பெண் தாளில் ஒன்பது கட்டங்கள்.
ஒன்றிலிருந்து ஐந்து வரை போடலாம்.
‘ஆர்வம்’ என்ற கட்டத்தை
எந்தக் குடுவையில் ஊற்றி அளப்பது?

கர்ட்டிடம் இருந்தது ஒரே கேள்வி, எல்லோருக்கும் அதே:
“மைனஸ் முப்பதில் பள்ளி பஸ் ஓட்டுவீர்களா?”

சோதனைக்கென்று ஒரு கட்டுரை வைத்திருந்தோம்.
பழைய முதல்வர் எடுத்து வைத்தது,
பெயரின்மேல் வெள்ளை மை பூசி.
ஆறு வருடமாக அதே கட்டுரை:
ஒரு பையன், ஒரு பசு, கால் திரும்பிப் பிறக்க வரும் கன்று.
பத்து நிமிடத்தில் திருத்திக் காட்ட வேண்டும்.

லைனஸ் பிராண்ட்வோல்ட் பச்சைப் பேனா கொண்டுவந்திருந்தார்.
முப்பத்தோரு பிழை.
பஸ்ஸுக்கும் சரி என்றார்.

டெல்ஃபின் ஆர்கட் ஓரத்தில் நட்சத்திரம் வரைந்தார்.
‘உன் குரல் எனக்குக் கேட்கிறது! இன்னும் விரித்து எழுது!’
பஸ் என்றதும் சிரித்தார்,
நாங்கள் சிரிக்கவில்லை என்று கண்டு
தண்ணீர் குடித்தார்.

மூன்றாவது, ரோவீனா டக்கெட்.
தீவனக் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டே பட்டம் முடித்தவர்.
பூட்ஸில் இருந்த பனி
நாற்காலியின் கீழே குளமாகிக்கொண்டிருந்தது.
பேனாவைத் தொடவில்லை.
படித்தார்.
தாளைத் திருப்பினார்; பின்பக்கம் வெறுமை.
மறுபடி திருப்பி, கடைசி வரியைச் சத்தமாக வாசித்தார்:

“அப்பா கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு
என்னைப் பார்த்து”

கயிறு என்ற சொல்லில் ஓர் எழுத்துக் குறைவு.
வாசிக்கும்போது அது கேட்கவில்லை.

“இரண்டாம் பக்கம் எங்கே?”

ஆறு வருடம். பதினான்கு பேர் திருத்தியிருக்கிறார்கள்.
வெர்லா கோப்பைக் கவிழ்த்துத் தேடினார்.
நான் ஜெராக்ஸ் மெஷினைப் பழி சொன்னேன்.

கர்ட் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
அதுவரை அந்தத் தாளை அவர் படித்ததே இல்லை,
படிப்பது எங்கள் வேலை என்று.
“‘நீ போய்ப் படு’ன்னு சொன்னேன்,” என்றார்.
“போகலை அவன்.”

ஹீட்டர் நின்று, திரும்பவும் ஓடத் தொடங்கியது.
பஸ் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ஒன்பது கட்டத்திலும் ஐந்து போட்டோம்.
மூன்று நாள் கழித்து ரோவீனா கூப்பிட்டார்:
பிஸ்மார்க்கில் பதினோராயிரம் டாலர் கூடுதல்,
மன்னிக்க வேண்டும், கடன் இருக்கிறது.
இருக்கத்தானே செய்யும்.

ஆகஸ்டில் லைனஸ் வந்தார், பச்சைப் பேனாவோடு.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
டிசம்பர்ப் பனிப்புயலில்
நான்கு பிள்ளைகளை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.
என் ஆய்வக அறிக்கைகளில்கூட
இப்போது காற்புள்ளி விழுகிறது.

போன வாரம் கர்ட் ஆய்வகத்துக்கு வந்தார்.
நான்காக மடித்த ஒரு தாள்.
மகன் வில்லிஸ்டனில் எண்ணெய்க் கிணற்றில் இருக்கிறானாம்;
இதை அவன் அம்மா ரசீதுகளோடு வைத்திருந்தாராம்.
“கோப்பில் சேர்த்துடுங்க,” என்று சொல்லிவிட்டு
நான் பிரிப்பதற்குள் போய்விட்டார்.

குழாயடியில் நின்றபடி படித்தேன்.
கன்றுக்கு என்ன ஆயிற்று என்று
இங்கே சொல்லப்போவதில்லை.
இந்தப் பக்கத்திலும் பிழைகள் இருந்தன.
எத்தனை என்று தெரியாது.