கழிவுக் கேரட்

இரவு ஒன்றரைக்குக் கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவும் மெஷின் ஓடும்.
மண் போகும், வால் போகும்,
சென்னைக்குப் போகவேண்டியது மட்டும் மூட்டைக்குள் போகும்.
கோணலானது, பிளந்தது,
இரண்டு கால் முளைத்துச் சின்னப் பையன்போல் நிற்பது
எல்லாம் பின்பக்கம், ஓடையோரக் குவியலுக்கு.

குவியலுக்கு அவை வரும்.
காட்டுமாடுகள். ஒன்பது.
யூக்கலிப்டஸ் இருட்டிலிருந்து
முதலில் மூச்சு வரும், பிறகுதான் உடம்பு.
நாங்கள் டார்ச் அடிப்பதில்லை,
அவை எங்களை முட்டியதில்லை.
கையெழுத்தில்லாத ஒப்பந்தம்.

ஒன்பதில் ஒன்று நொண்டி.
கம்பிவேலி கிழித்தது என்பார் செபஸ்தியான்,
சுருக்கு என்பாள் யோகராணி.
பின்னங்காலைத் தரையில் வைப்பதற்குமுன்
அது ஒவ்வொரு முறையும் யோசிக்கும்.

நான் சொல்ல வந்தது அதைப்பற்றி இல்லை.
சந்தனசாமியைப் பற்றி.

ஆடியில் மெஷின் அவர் வலதுகையில்
மூன்று விரலை எடுத்துக்கொண்டது.
தண்ணீர் எப்போதும் சிவந்துதான் ஓடும்.
அதனால் யாரும் உடனே கவனிக்கவில்லை.
ஓனர் ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்தார்,
அப்புறம் ஒரு மாதம் அரைக்கூலி,
அப்புறம் "பார்க்கலாம்".
அவர் இடத்தில் யார் நிற்பது என்று கேட்டபோது
நான் கை தூக்கினேன்,
ஐந்து விரலோடு.

மெஷின் பக்கம் நின்றால் நாளுக்கு நூற்றிருபது அதிகம்.
பையனுக்குப் பாலிடெக்னிக் கட்டவேண்டும்.
காரணம் இல்லாத ஆள் யார்?
காலையில் எல்லநள்ளி டீக்கடையில் அவர் இருப்பார் என்று
ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி
குறுக்குவழியில் மேடேறிவிடுவேன்.
நாலு மாதமாக நல்ல நடை.
சுகர்கூடக் குறைந்திருக்கிறது.

நேற்று உறைபனி.
புல்லெல்லாம் கல்லுப்பு தூவினமாதிரி.
லோடு ஏறி லாரி கிளம்பும் நேரம்
மாடுகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன.
எட்டு கடந்துவிட்டன.
ஒன்பதாவது இந்தப் பக்கமே நின்றது,
காலை வைக்க யோசித்து.

டிரைவர் ஹாரன் அடித்தான்.
அடித்தான், அடித்தான்,
எதிர்மலையில் ஒரு வீட்டில் விளக்கெரிந்தது.

எட்டும் திரும்பி வந்தன.
ஓடி வரவில்லை. கொம்பைத் தாழ்த்தவில்லை.
நடுரோட்டில் வந்து சும்மா நின்றன,
வாயில் பாதி மென்ற கேரட்டோடு.
ஒன்று சாணிகூடப் போட்டது.
விலை போய்விடும் விலை போய்விடும் என்று டிரைவர் கத்தினான்.
இருபது நிமிடம்.
நொண்டி காலை வைத்தது,
எடுத்தது,
வைத்தது.
பிறகு ஒன்பதும் போயின.

மாடு எனக்குப் பாடம் எடுக்க வரவில்லை.
கேரட்டுக்கு வந்தது.
போன வருடம் இதே கூட்டம்தான்
போஜன் வீட்டு முட்டைக்கோஸ் தோட்டத்தை மிதித்துத் தீர்த்தது.
அதன் நெஞ்சுக்குள் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது.
பழக்கமாக இருக்கலாம். பயமாக இருக்கலாம்.
எட்டு என்றால் ஏதோ குறைகிறதே என்று
எண்ணத் தெரியாத ஒன்றுக்குத்
தோன்றியிருக்கலாம்.

எனக்கு எண்ணத் தெரியும்.
நூற்றிருபது பெருக்கல் இருபத்தாறு.

இன்று காலை முன்னாலேயே இறங்கவில்லை.
டீக்கடை பெஞ்சில் இருந்தார்.
சூடான கிளாஸை இடதுகையில் பிடிக்க
இன்னும் பழகவில்லை,
வைத்து வைத்து எடுத்தார்.
வழியெல்லாம் கோத்துவைத்த வார்த்தையில்
ஒன்றும் வாய்க்கு வரவில்லை.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
"பனி ஜாஸ்தி" என்றேன்.
"ம்" என்றார்.

குன்னூர் பஸ் வந்தது, போனது.
அடுத்ததும் வந்து
கண்டக்டர் என்னைப் பார்த்து விசிலடித்தான்.
போகச் சொல்லிக் கை காட்டினேன்.

அவர் குடித்து முடிக்க இன்னும் நேரமாகும்.