நானூற்றுப் பத்து

மார்த்தாண்டம் மேம்பாலத்து இரைச்சலை
ஷட்டரை இழுத்து வெளியே நிறுத்தினேன்.
உள்ளே
என் இடுப்புக்கு மேல் உயராத மஞ்சள்.
குலசேகரத்து ரப்பர்க்காரரின் லம்போர்கினி.

"ஒரு உரசல் கெடையாது மெல்பின்,
வாவல் எச்சமும் உப்புக்காத்தும்தான்.
வெள்ளிக்கிழம கொச்சிலேருந்து ஆள் வாறாரு."

விளக்கைச் சாய்த்ததும்
பானட் முழுக்க வட்டம் வட்டமாய்க் கீறல்.
யாரோ தினமும் பழைய துண்டால்
ஆசை ஆசையாய்த் துடைத்திருக்கிறார்கள்.
ஆசைதான் பெயிண்டுக்கு முதல் எதிரி.

கிளே கட்டியை நனைத்து இழுத்தேன்.
மணவாளக்குறிச்சிக் கரிமணல்
பொடிப்பொடியாய் ஒட்டிக்கொண்டு வந்தது.

பாலிஷுக்கு முன்னால் கனம் பார்க்கவேண்டும்.
கூரை, நூற்றுப் பத்து மைக்ரான்.
வலது கதவு, நூற்றுப் பதினான்கு.
இடது கதவு
நானூற்றுப் பத்து.
கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
நானூற்றுப் பத்து.
ஓரத்து ரப்பர் பட்டையை விரலால் புரட்டினால்
மஞ்சளுக்கு அடியில் சாம்பல் நிறப் புட்டி.

மூன்று ராத்திரி மெஷின் பிடித்தேன்.
சொன்னால் சிரிப்பீர்கள்,
இடது கதவுக்குத்தான் கூடுதல் நேரம்.
டியூப்லைட் அதில் வளையாமல் நின்றது.

வெள்ளிக்கிழமை.
கொச்சிக்காரர் குனிந்து
அந்தக் கதவில்தான் தலை சீவிக்கொண்டார்.
"ஒரிஜினல் பெயிண்டா?"
கேட்டது என்னிடம்.
ரப்பர்க்காரர் மேம்பாலத்தைப் பார்த்தார்.
கூலியில் பாதி இன்னும் பாக்கி.

கருவியை எடுத்து
கொச்சிக்காரர் கையில் வைத்தேன்.
"பச்சை பட்டன் சார்.
எங்க வேணும்னாலும் வெச்சுப் பாருங்க."

பின்பக்கம் போய்
பக்கெட்டுகளைக் கழுவ ஆரம்பித்தேன்,
ஏற்கெனவே கழுவியவற்றை.
கருவி ஒருமுறை கீச்சிட்டது.
கொஞ்சம் கழித்து
இன்னொரு முறை.