பூச்சியம்

மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரைக்கும்.
அப்படித்தான் மீனை அளக்கவேண்டுமென்று
பயிற்சி நாளில் காட்டித் தந்தார்கள்.
என்னிடம் இருந்தது மகளின் அடிமட்டம்,
முதல் சென்ரிமீற்றர் உடைந்தது.
ஒன்றில் தொடங்கி ஒன்றைக் கழிக்கவேண்டும்.
தை மாதம் கழிக்க மறந்தேன்.
மாசியில் நினைவு வந்து கழித்தேன்.
நாசிவன்தீவில் ஓரா மீன்
ஒரே மாதத்தில் ஒரு சென்ரிமீற்றர் சிறுத்துப்போனது.
காரணம் ஆராய
மட்டக்களப்பிலிருந்து ஒரு வாகனம் வந்தது.
நாலு பேருக்குச் சோறும் இறால் கறியும்
சங்கத்துச் செலவில்.

படிவம் மூன்று பக்கம்.
நடந்த கூட்டம். வந்தவர் தொகை. அதில் பெண்கள்.
ஒன்பது என்று எழுதினேன்:
கடன் கேட்டு வந்த ஆறு பேர்,
மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேர்,
நான்.
நட்ட கண்ணாக் கன்று எழுநூறு.
நின்றது எத்தனையென்று படிவம் கேட்கவில்லை.
அதை ஆடுகள் எண்ணி முடித்திருந்தன.

பிடிபட்ட தங்கூசி வலை:
மாசியில் பதினொன்று,
பங்குனியில் ஆறு,
சித்திரையில் பூச்சியம்.
உத்தியோகத்தர் பச்சைப் பேனையால்
கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்தார்.
"பாருங்க தவமலர், இதுதான் முன்னேற்றம்."
நான் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில்
காவல் தோணியின் எஞ்சினுக்குப் பிளக் எரிந்து
முப்பது நாளும் அது கரையில் கிடந்தது.
அணியத்துக்குள்ளே ஒரு கோழி அடை கிடந்தது.
வலை போடவில்லை என்றாலும் பூச்சியம்,
பார்க்கப் போகவில்லை என்றாலும் பூச்சியம்.
இரண்டுக்கும் ஒரே வட்டம்.
நான் அதை வடிவாகத்தான் போட்டேன்,
தொடங்கிய இடத்திலேயே முட்டவைத்து.

வைகாசி பிறந்து மூன்றாம் இரவு
ஓட்டமாவடிக் கரையிலிருந்து
உதுமாலெவ்வை போன் எடுத்தார்.
"தங்கச்சி, உங்கட பக்கத்து வல ஒண்டு
எங்கட துறையில வந்து சிக்கிக் கிடக்கு.
தங்கூசிதான். வெட்டல்ல.
விடியிறதுக்கு முதல் வந்து எடுங்க."

வெட்டல்ல.
நாலு வருசத்துக்கு முன்னால்
இந்தக் களப்பில்
இவர்கள் வெட்டியதும் அவர்கள் வெட்டியதுமாய்
பொலிஸ் வளவில் குவிந்து கிடந்த வலைகளை
நான் பார்த்திருக்கிறேன்.
செத்த மீனும் அதற்குள்ளேயே.
படிவத்தை மூன்று தரம் புரட்டினேன்.
வெட்டாமல் விட்ட வலைக்குப் பெட்டி இல்லை.

போனேன்.
உதுமாலெவ்வையின் ஐஸ் பெட்டி மூடியில்
கரிக்கோடுகள், வரிசையாக.
கிலோக் கணக்கா என்றேன்.
"இல்ல புள்ள,
கடன்படாம எண்ணெய் அடிச்ச நாளுக்கு ஒரு கோடு."
வைகாசி பிறந்த பிறகு ஒன்றே ஒன்று.
சித்திரையில் பதினேழு.
அதைக் கேட்க வேண்டியவர்கள்
தோணித்துறைக்கு வருவதில்லை.

டோர்ச் வெளிச்சத்தில் வலையை இழுத்தேன்.
மிதவைக் கட்டையில் நீலப் பெயின்ற்.
என் அக்காவின் புருசனுடைய கட்டை.

குற்றப்பணம் ஐயாயிரம்.
ரசீது கிழிக்கும்போது
நேசதுரை அத்தான் என் முகம் பார்க்கவில்லை.
அன்றோடு அக்கா கறி அனுப்புவதை விட்டாள்.
அடுத்த கூட்டத்துக்கு வந்தார்.
கதவடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.
வலைக்கண் இரண்டரையா மூன்றா என்று
கை தூக்கச் சொன்னபோது
திரும்பாமலே தூக்கினார்.
எதற்கு என்று நான் கேட்டேன்.
கேட்கத்தானே வேண்டும், செயலாளர்.
"மூண்டுக்கு" என்றார், சுவரிடம்.

வந்தவர் தொகை முப்பத்திரண்டு,
ஒரு முதுகையும் சேர்த்து.

வைகாசிப் படிவம்.
பிடிபட்ட வலை: ஐந்து.
பச்சைப் பேனை மேசையில் படுத்தது.
சிவப்பை எடுத்தார்.
கோடு மேலே ஏறியது.
"பூச்சியத்துக்கு வந்த இடம் இது.
இப்ப பின்னுக்குப் போயிட்டுதே.
என்ன நடந்தது?"

"பிளக் வாங்கிட்டம், சேர்."