அரிசி தீரும் வரை

காரைக்குடி செக்காலை ரோட்டில் பேட்டரிக் கடை எனக்கு.
பள்ளத்தூரில் யார் வீட்டு இன்வெர்ட்டர்
எத்தனை மணி தாங்கும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

சேவுகன் டீசல் கப்பலில் இருந்தவரை
அவரையும் அப்படித்தான் கணக்கு வைத்தேன்.
பேட்டரி இறங்கினால் மேலே வந்தாக வேண்டும்.
குழாயை நீட்டிக் காற்றை உறிஞ்சி
என்ஜினை ஓட்டி ஏற்றிக்கொள்ள வேண்டும்.
ஏதோ ஒரு கடலில், ராத்திரி இரண்டு மணிக்கு,
அந்தக் காற்றில் கொஞ்சம்
அவர் நெஞ்சுக்குள்ளும் போகும்.
அது போதுமாக இருந்தது.
லீவில் வந்தால்
மூன்று முறை அலசியும் கைலியில் டீசல் வாடை.

இப்போது அணு.
உலைச்சூட்டில் நீராவி,
கடலைக் காய்ச்சிக் குடிநீர்,
அதே நீரைப் பிளந்து மூச்சு.
மேலே வர அவசியமே இல்லையாம்.
‘பிறகு எதற்குத்தான் வருவீர்கள்?’
‘அரிசி தீரணும்.’
‘எத்தனை மூட்டை ஏற்றுவீர்கள்?’
அதைச் சொல்லக் கூடாதாம்.

துணியில் வாடையே இல்லை.
இருந்தும் இரண்டு முறை அலசினேன்.

நேற்று கரண்ட் போனது.
பேட்டரிக் கடைக்காரி வீட்டில்
இன்வெர்ட்டர் பழுது, யாரிடம் சொல்ல?
மின்விசிறி நின்றதும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்.
பழைய கப்பல் பேட்டரியில் போனால்
ஊசி விழுந்தாலும் கேட்குமாம், அது நிம்மதி.
இதில் உலை ஆற பம்பு ஓடிக்கொண்டே இருக்கணும்.
‘சத்தம் நின்னாத்தான் பயம்’ என்றார் இருட்டில்.

நகைக்கடைக் காலண்டர் அட்டையை எடுத்து
கட்டில் சட்டத்தில் தட்டித் தட்டி விசிறினேன்.
தூங்கிவிட்டார்.

ஒன்றரைக்குக் கரண்ட் வந்தது.
கை நிற்கவில்லை.