விண்ணப்பத் தாள்

வெள்ளிக்கிழமை ரூவியில்
ஒரே கட்டடத்தில் ஒன்பது மொழியில் ஆராதனை.
மலையாளத்தார் இறங்கி முடித்த பிறகுதான்
நாங்கள் படியேற வேண்டும்.
நாற்காலியில் அவர்கள் சூடு இருக்கும்.
விண்ணப்பத் தாள் எழுதுவது என் பொறுப்பு.
வாரம் ஒரு பக்கம், வியாழன் இரவுக்குள்
செயலாளர் ஜெபதுரை எட்வினின் பார்வைக்கு.

மற்ற நாளெல்லாம் நான் எழுதுவது
சம்பளப் பட்டியல்.
ருசைலில், கண்டெய்னரை அறுத்துச் செய்த ஆபீஸில்.
பொன்னையா அண்ணாச்சியின் கம்பெனி.
கோயிலுக்கு இரண்டு ஏசி கொடுத்தவர்.
ஏசியின் நெற்றியில் அவர் பேர்,
பேருக்குக் கீழே, சின்ன எழுத்தில், ஒரு வசனம்.

ஜூலை முதல் வாரம் எழுதினேன்:
நாலு மாதமாய்ச் சம்பளம் வராத
முப்பத்தொரு பேருக்காக.
திருத்தி வந்தது:
பொருளாதார நெருக்கடியில் இருப்போருக்காக.
'கோயிலுக்குள் அரசியல் வேண்டாமே சிஸ்டர்,
நாம் இருப்பது அந்நிய தேசம்.'

சரி, சொந்த தேசத்தை எழுதுவோம் என்று
ஊர்க் கல்லறைத் தோட்டத்து மதிலை எழுதினேன்.
செத்த பிறகும் அந்தப் பக்கம் படுக்க வேண்டியவர்கள்
யாரென்று எட்வின் சாருக்குத் தெரியும்.
நானும் அவரும் இந்தப் பக்கம் என்பதும் தெரியும்.
அது இடிந்து விழ வேண்டுமென்று எழுதினேன்.
குடும்பங்களில் ஒற்றுமை உண்டாக
என்று வந்தது.

ஒன்றை மட்டும் நான் எழுதவில்லை.
கோடையில் பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை
வெயிலில் வேலை வாங்கக் கூடாது, சட்டம்.
அந்தச் சட்டத்தைப் பதிவேட்டில் காப்பாற்றுகிறவள் நான்.
ஓய்வு, ஓய்வு, ஓய்வு
என்று கட்டம் கட்டமாய் நிரப்புவேன்,
ஜன்னலுக்கு வெளியே
கம்பி வளைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.
எழுதியிருந்தால் எட்வின் சார் என்ன செய்திருப்பார்?
நல்ல சீதோஷ்ணத்துக்காக.

திருத்தியதை அப்படியே மைக்கில் வாசித்தேன்.
ஒவ்வொன்றுக்கும் சபை முழங்கியது,
கேட்டருளும் கர்த்தாவே.

டீ வரிசையில் செல்வநேசன்.
கம்பி கட்டுகிறவன்,
என் பட்டியலில் பதினேழாவது.
'நெருக்கடின்னு வாசிச்சீங்களேக்கா,
நம்ம அண்ணாச்சிக்குத்தானே?
கடன் ரொம்பவா? சொல்லவே இல்ல.
முட்டி போட்டுல்லாக்கா ஜெபிச்சேன்.'
முழங்காலில் தரைவிரிப்பின் வரி
இன்னும் அழியாமல் இருந்தது.
பொய் சொல்லக் கூடாதென்று நினைத்தேன்.
'ஆமா தம்பி' என்றேன்.

அன்றிரவு மூன்று முறை படுத்து எழுந்தேன்.
ஒரு வேலை மட்டும் நன்றாய் நடந்திருக்கிறது:
கூலி கொடுக்காதவனுக்காக
கூலி கிடைக்காதவனை
மண்டியிட வைத்திருக்கிறேன்,
என் கையெழுத்தில்.

தாள் செலவு கூடுகிறது சிஸ்டர்,
ஆபீஸில் ஒருபக்கம் அச்சடித்த தாள் கிடந்தால்
கொண்டு வாருங்களேன் என்று
ரொம்ப நாளாய்ச் சொன்னவரும் எட்வின் சார்தான்.

கொண்டு போனேன்.
மார்ச், ஏப்ரல், மே, ஜூன்.
பேர், ஊர், வேலை செய்த நாள், தொகை,
கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை
பாக்கி.
அதன் முதுகில்
அவர் திருத்திய விண்ணப்பங்களை
ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அச்சடித்தேன்.

மௌன ஜெபத்துக்குக் கண்மூடச் சொன்னார் போதகர்.
முதலில் மூன்றாம் வரிசையில்
ஒரு தாள் திரும்பும் சத்தம்.
பிறகு ஜன்னலோரம், பிறகு பின்னால்
பெண்கள் பக்கம்.
இரண்டு ஏசியின் இரைச்சலுக்கு மேலே கேட்டது.
பொன்னையா அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி,
துடைத்து, மாட்டி,
மறுபடி கழற்றினார்.
மூட வேண்டிய கண்ணை நான் மூடவில்லை.
என் விசா அக்டோபர் வரைக்கும்.
புதுப்பிக்கும் கையெழுத்து அவருடையது.

ஆமென் என்றார்கள்.
யார் யார் எந்தப் பக்கத்துக்குச் சொன்னார்கள்,
தெரியவில்லை.