மிஞ்சிய திருகு

உலான்பாத்தர். வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
கூரியர் பையன் நீட்டிய பெட்டி
கையில் ஐஸாக ஒட்டியது.
உடனே பிரிக்காதீர்கள், உள்ளே வியர்த்துவிடும்
என்று கடையில் சொல்லியிருந்தார்கள்.
இரண்டு மணி நேரம் அதை மேசைமேல் வைத்து
பேச்சு வராத விருந்தாளியைப் பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூயிங்கம் பட்டையளவுதான். ஒரு டெராபைட்.
பழைய டிஸ்க் மூன்று வாரமாய்
டக் டக் என்கிறது.
அதற்குள் நூற்றுப் பன்னிரண்டு கல்யாணங்கள்,
பாதி வெட்டியது, பாதி வெட்டாதது.

கம்பளிச் சட்டையைக் கழற்றினேன்.
இந்த ஊர்க் குளிரில் கதவுப்பிடிகூடக் கடிக்கும்.
ரேடியேட்டரில் பெயிண்ட் உரிந்த இடமாய்த் தேடிக்
கையை வைத்துவிட்டு
மூச்சைப் பிடித்துச் செருகினேன்.
சாய்வாக. பிறகு அழுத்தி. பிறகு திருகு.
திருகு கம்பளத்தில் விழுந்தது.
மண்டியிட்டு இருபது நிமிடம்:
மகனின் லெகோ, ஒரு தலைவலி மாத்திரை,
கடைசியில் அது.

ஆன் செய்தேன்.
நீலத் திரையில் வருகைப்பதிவு.
கீபோர்டு இருக்கிறது.
பழைய டிஸ்க் இருக்கிறது.
ஆறு வருடமாய் வாயே திறக்காத டிவிடி டிரைவ்கூட
உள்ளேன் ஐயா என்கிறது.
இது மட்டும் இல்லை.

கழற்றினேன். மாட்டினேன். கழற்றினேன்.
பயாஸைப் புதுப்பித்தேன்.
நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு
என்ற எச்சரிக்கையைப் படித்ததும்
பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன்,
ஏனென்று கேட்காதீர்கள்.
இல்லை.

பியம்பதோர்ஜுக்கு போன் போட்டேன்.
எதையோ மென்றுகொண்டே கேட்டான்:
எந்தத் துளை அக்கா, கீழேயா?
கீழே.
அதற்குப் பழைய பாஷை மட்டும்தான் தெரியும்.
உங்களுடையது புதுப் பாஷை.
பேசிக்கொண்டுதான் இருக்கும், பாவம். மேலே மாட்டுங்கள்.
இதைப் பெட்டியில் எழுதித் தொலைத்தால் என்ன என்றேன்.
எழுதியிருக்கிறது என்றான்.

மேல்துளை கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில்.
கார்டைப் பிடுங்குவதில் ஒரு நகம் போயிற்று.
ஆன்.
வந்துவிட்டது!
நீளமான எண்ணோடு, பட்டியலின் தலையில்.
உப்புப்போட்ட பால்தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து
சாவகாசமாய் உட்கார்ந்து பார்த்தால்
பழைய டிஸ்கைக் காணோம்.

டக் டக் கேட்கிறது.
பட்டியலில் ஆள் இல்லை.
நூற்றுப் பன்னிரண்டு கல்யாணம்.

மறுபடி போன்.
ஐந்தாம் போர்ட்டிலா இருக்கிறது?
ஐந்தும் மேல்துளையும் பங்காளிகள் அக்கா,
ஒருத்தன் உட்கார்ந்தால் இன்னொருத்தனுக்குத் தட்டு கிடையாது.
வயரை இரண்டுக்கு மாற்றுங்கள்.
என்னைத் தூங்க விடுங்கள்.

மாற்றினேன். விண்டோஸ் திறந்தது.
சி இருக்கிறது. டி இருக்கிறது.
புதுசு இல்லை.
இந்த முறை நான் யாரையும் கூப்பிடவில்லை.
டிஸ்க் மேனேஜ்மெண்டின் அடியில்
நீளக் கறுப்புப் பட்டை:
ஒதுக்கப்படாத இடம்.
வந்து நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது,
கூப்பிட ஓர் எழுத்தில்லாமல்.
ஈ என்று வைத்தேன்.

காப்பி தொடங்கியது. நான்கு மணி நேரம் என்றது.
பிறகு பதினொன்று. பிறகு மூன்று.
முதலில் நகர்வது நொமுண்தாரியின் கல்யாணம்:
நீல அங்கி, பனிவெளி,
குதிரையை நோக்கி நடக்கிறாள்,
காற்று மைக்கை அறைகிறது.
அவர்கள் பிரிந்து ஆறு மாதம் ஆகிறது.
வீடியோ கேட்டு நச்சரிப்பது மாமியார்.
புத்தாண்டுக்குள் வேண்டுமாம்.
முன்பணம் கொடுத்தது அவர்தான்.

ஜன்னலில் நிலக்கரிப் புகை வெளுக்கிறது.
பெட்டியின் மூடியை மாட்டினேன்.
கோப்பைத் தட்டில்
ஒரு திருகு மிச்சம்.
எதனுடையது?
எல்லாமே ஓடுகிறது.
நான் அதைத் தொடவில்லை.